அமெரிக்காவின் சிறு நகரங்களில் ஊர் வாழ்க்கை என்று ஒன்று உண்டா?

உண்டு. வெர்மாண்ட் மாநிலத் தலைநகர் மாண்ட்பீலியரையே பாருங்கள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 8,000. ஐம்பது மாநிலத் தலைநகரங்களிலும் மிகச் சிறியது இதுதான். மெக்டொனால்ட்ஸ் கிடையாது, கடைத்தெருவில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களின் கடைகள்தான். தங்கத் தகடு போர்த்திய குவிமாடத்தோடு சட்டமன்றம். அதற்குப் பின்னாலேயே காட்டு மேடு, ஹப்பார்ட் பூங்கா.

மார்ச் முதல் செவ்வாய் வெர்மாண்டில் ஊர்க்கூட்ட நாள். பல ஊர்களில் மக்கள் நேரில் கூடி, சாலைச் செலவு முதல் எல்லாவற்றையும் விவாதித்துக் கை தூக்கி முடிவு செய்வார்கள். மாண்ட்பீலியரில் வாக்குச்சீட்டு, ஆனாலும் நகரின் வரவுசெலவுக்கு ஒப்புதல் தருவது மக்களே. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

ஊரின் பலமும் பயமும் வினூஸ்கி ஆறுதான். 1927இல் பெருவெள்ளம். 1992 மார்ச்சில் ஆற்றுப் பனிக்கட்டி பாலத்தருகே அடைத்துக்கொண்டு, கடைத்தெருவில் தண்ணீர் புகுந்தது. 2023 ஜூலையில் மறுபடியும் வெள்ளம். கெலாக்-ஹப்பார்ட் நூலகத்தின் நிலத்தடித் தளம் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். நிலத்தடித் தளங்களிலிருந்து வாளி வாளியாகச் சேறு மேலே வந்தது. நடைபாதையில் ஊறிப் பெருத்த பொருட்கள் குவிந்தன. தபால் நிலையம் ஓராண்டுக்கு மேல் திறக்கவில்லை. அதைத் திறக்கச் சொல்லி மக்கள் தெருவில் கூடினார்கள், 2024 அக்டோபரில் புது இடத்தில் திறந்தது.