பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டதா? வாசகியர் கேள்விகள்

குழந்தை பிறந்த மறுநாளே சுகர் நார்மல் என்று இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எதற்கு?

நிறுத்தியது சரிதான். கர்ப்பத்தில் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்தவை நஞ்சுக்கொடி சுரந்த ஹார்மோன்கள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானோருக்கு அளவு மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் அந்தச் சுமையை உங்கள் கணையத்தால் தாங்க முடியவில்லை என்பது தெரிந்துவிட்டதே! கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 முதல் 10 மடங்கு வரை அதிகம் என்று பெரிய ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. சிலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்து, கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரிய வந்திருக்கும்.

குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போவீர்கள் அல்லவா? அந்த வாரத்திலேயே உங்கள் டெஸ்டையும் முடித்துவிடுங்கள். குழந்தையின் ஊசியை யாரும் மறப்பதில்லை, அம்மாவின் டெஸ்ட்தான் தள்ளிப்போகும்.

வெறும் வயிற்றில் 94, மூன்று மாத சராசரி (HbA1c) 5.5. இது போதாதா? குளுக்கோஸ் தண்ணீரை நினைத்தாலே குமட்டுகிறது.

போதாது. நம் பெண்கள் பலருக்கு வெறும் வயிற்றில் அளவு சரியாக இருந்து, சாப்பிட்ட பிறகுதான் எகிறும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். மூன்று மாத சராசரியை இந்தச் சமயத்தில் நான் நம்புவதில்லை. பிரசவத்தில் ரத்தம் போயிருந்தால் அது குறைத்துக் காட்டலாம், இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் கூட்டிக் காட்டலாம். போதாததற்கு, அந்த மூன்று மாதத்தில் பாதி நீங்கள் கர்ப்பமாக இருந்த காலம்.

குமட்டலுக்கு ஒரு வழி: தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கட்டும், ஐந்து நிமிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

கர்ப்பத்தில் சாப்பிட்டுவிட்டுப் போனபோதே குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தார்களே?

அது சென்னை டாக்டர் வீ. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறை. தொலைவிலிருந்து வரும் கர்ப்பிணியைப் பட்டினியாக வரச் சொன்னால் பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள் என்ற யதார்த்தத்தில் பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு அது பொருந்தாது. இப்போது குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும்.

மகளுக்குப் பத்தியச் சாப்பாடும் பிரசவ லேகியமும் கொடுக்கிறேன். கருப்பட்டி போட்டதுதான், கெடுதல் இல்லையே டாக்டர்?

கருப்பட்டியும் சர்க்கரைதான் அம்மா. வெல்லமும் அப்படித்தான். டெஸ்ட் முடிந்து முடிவு தெரியும்வரை லேகியத்தை ஒதுக்கி வையுங்கள். பூண்டு, மீன், கீரை, முட்டையைத் தாராளமாகக் கொடுங்கள். அதே சமயம், டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாட்களில் சோற்றை அடியோடு குறைத்துவிடாதீர்கள். பத்தியம் என்று அரை வயிறு சாப்பிட்டுவிட்டுப் போனால், குளுக்கோஸை உடல் சமாளிக்கத் திணறி அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். இதை லேபில் யாரும் கேட்பதில்லை.

இரண்டு மணி நேரக் காத்திருப்பில் பால் கொடுக்கலாமா?

தாராளமாக. நடமாட்டம் மட்டும் வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பும் குறைகிறது.

குளுக்கோஸ் குடித்த பிறகு 162. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதா?

இல்லை. 140க்குக் கீழே நார்மல், 200 தொட்டால் நீரிழிவு. வெறும் வயிற்றில் 126 தொட்டாலும் நீரிழிவுதான். நீங்கள் இடையில் நிற்கிறீர்கள். திருப்பிவிடக்கூடிய இடம் இதுதான். அமெரிக்காவில் நடந்த பெரிய தடுப்பு ஆய்வில், கர்ப்பகாலச் சர்க்கரை வந்து இந்த இடைநிலையில் இருந்த பெண்களுக்கு உணவு, நடை, எடைக் குறைப்பு ஆகியவற்றால் நீரிழிவு வருவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் கிட்டத்தட்ட அதே பலன் தந்தது. மாத்திரை தேவையா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். பால் கொடுப்பவர்களும் அதைச் சாப்பிடலாம். வருடம் ஒருமுறை டெஸ்ட் கட்டாயம்.

ஆறு வார டெஸ்ட் நார்மல். குழந்தைக்கு இப்போது மூன்று வயது, அடுத்ததற்கு யோசிக்கிறோம்.

கர்ப்பமான பிறகு அல்ல, இப்போதே பாருங்கள். முதல் சில வாரங்களில்தான் குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகின்றன. நாள் தள்ளிப்போனதை நீங்கள் கவனிக்கும்போதே அந்த வேலை தொடங்கியிருக்கும். அளவு கூடியிருந்தால் அது இறங்கும்வரை கருத்தடையைத் தொடருங்கள். நார்மல் என்றால் ஃபோலிக் ஆசிட்டைத் தொடங்கிவிடலாம். கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே, முன்பு சர்க்கரை இருந்ததைச் சொல்லிவிடுங்கள்.