ஏழு மின்னஞ்சல்களுக்கும் ஏன் பதில் வரவில்லை?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இரண்டாம் ஆண்டு கணக்கியல் படிக்கிறேன். வீடு சாட்ஸ்வொர்த்தில். படிப்புக்கு இடையே தொண்டு செய்ய விரும்பி ஏழு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. எனக்கு அனுபவம் இல்லாததுதான் காரணமா? யாரை, எப்படி அணுகுவது?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் கடிதத்தோடு இணைத்திருந்தாய். "எந்த வேலையானாலும், எந்த நேரமானாலும் செய்யத் தயார்" என்று அதில் எழுதியிருக்கிறாய். அந்த வரியில் உன் நல்ல மனம் தெரிகிறது. ஆனால் பதில் வராததற்கும் அந்த வரியே காரணம் என்று நினைக்கிறேன். ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தவள் நான். நம் பக்கத்துத் தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் அலுவலகம் என்றால் ஒரே ஓர் ஆள்தான். நன்கொடைக்கு ரசீது எழுதுவதும், மளிகைக்குச் சொல்லிவிடுவதும், நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்ப வண்டி பிடிப்பதும், மின்னஞ்சல் பார்ப்பதும் அவர்தான். எதையும் செய்வேன் என்று ஒருவர் எழுதும்போது, அவருக்கு எதைக் கொடுப்பது, யார் சொல்லிக்கொடுப்பது, எந்த நாளில் வரச் சொல்வது என்றெல்லாம் அந்த ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் கிடைக்காமலே நாட்கள் போய்விடுகின்றன.

அந்த யோசனையை அவருக்காக நீயே செய்துவிடு. முதலில், பலரோடு சேர்ந்து போகும் மினிபஸ் டாக்சி ஒன்றிலேயே, வழியில் மாறாமல் போய்வரக்கூடிய ஓரிடத்தைத் தேர்ந்தெடு. தொலைவில் இருக்கும் இடத்துக்கு உற்சாகமாகப் போகத் தொடங்கிய மாணவர்கள் மூன்றாம் வாரம் நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1921இல் ஆரிய யுவக் சபை தொடங்கிய ஆரிய பெனவலன்ட் ஹோம் என்ற ஆதரவு இல்லம் உன் சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறது. அதற்கு எழுதினாயா என்று நீ சொல்லவில்லை. கோயில்களை ஒட்டி நடக்கும் உணவு வழங்கும் குழுக்களையும் விசாரித்துப் பார். நீ தேர்ந்தெடுக்கும் நிறுவனம் அரசின் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு பெற்றதா என்று பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள். தொண்டு செய்ய வருபவரிடமே பதிவுக் கட்டணம் கேட்கும் இடமானால் திரும்பிவிடு.

அடுத்து, உன் கையில் இருப்பதைச் சொல். அனுபவம் இல்லை என்கிறாய்; ஆனால் நீ கணக்கு படிப்பவள். 1997ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டமான இலாப நோக்கற்ற நிறுவனங்கள் சட்டப்படி, பதிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள் செயல் அறிக்கையும் கணக்கறிக்கையும் துறைக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் பதிவையே இழக்க நேரிடும். சிறிய நிறுவனங்களில் அந்த ரசீதுகள் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அவற்றைத் தேதிவாரியாகப் பிரித்துக் கணினியில் ஏற்றித் தர ஒருத்தி வருகிறாள் என்றால், அந்தக் கடிதத்தை யாரும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள். இப்படி எழுதிப் பார்:

"நான் இரண்டாம் ஆண்டு கணக்கியல் மாணவி. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை செவ்வாய்க்கிழமைகளில் மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை வர முடியும். ரசீதுகளை ஒழுங்குபடுத்தவும் கணக்கேட்டைக் கணினியில் பதியவும் தெரியும். நவம்பரில் தேர்வு இருப்பதால் அந்த மாதம் வர இயலாது. வியாழக்கிழமை காலை தொலைபேசியில் அழைக்கிறேன்."

சொன்னபடி வியாழக்கிழமை அழைத்துவிடு. அப்போதும் பிடி கிடைக்கவில்லை என்றால், ஒரு வேலைநாளில், சாப்பாட்டு நேரம் தவிர்த்து, நேரிலேயே போய்ப் பார். தொண்டர்களைக் கவனிப்பவர் யார் என்று பெயரைக் கேட்டு வாங்கி வா. நேரில் வந்து நின்ற பிள்ளையை எங்கள் இல்லத்தில் நாங்கள் ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை.

ஜூலை 18இல் மட்டும் முதல்முறையாகப் போய் நிற்காதே. மண்டேலா பொதுவாழ்வில் உழைத்த 67 ஆண்டுகளின் நினைவாக நாடெங்கும் 67 நிமிடம் தொண்டு செய்யும் அந்த நாள் எனக்கு மிகவும் பிரியமானது. ஆனால் அன்று எங்கள் வாசலில் தொண்டர்கள் நிரம்பி வழிவார்கள். ஒரே சுவருக்கு இரண்டு பள்ளிகளின் பிள்ளைகள் வெள்ளையடிக்க வந்து நின்றதும் உண்டு. ஆகஸ்டில் வருவதற்கு ஆள் இல்லாமல் தவித்தோம்.

குழந்தைகள் இருக்கும் இல்லமானால் உடனே உள்ளே விடமாட்டார்கள். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, குழந்தைகளோடு பணிபுரியத் தகாதவர்கள் பட்டியலில் உன் பெயர் இல்லை என்பதை 30ஆம் படிவத்தின் மூலம் நிறுவனம் விசாரிக்க வேண்டும். காவல்துறைச் சான்றும் கேட்கலாம். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதே. விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ளும் இல்லத்தைப் பற்றித்தான் நீ கவலைப்பட வேண்டும்.

இன்னொன்று உன்னிடம் கேட்கத் தோன்றுகிறது. கடிதத்தை நல்ல தமிழில் எழுதியிருக்கிறாய். நம் பக்கத்து முதியோர் இல்லங்களில் தமிழ் மட்டுமே நெருக்கமாகப் பேசிய ஆயாக்கள், அதாவது பாட்டிமார், இன்னும் சிலர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போன பிறகு அவர்கள் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் இல்லத்தில் ஓர் ஆயா, யாராவது தேவாரம் படித்தால் போதும், தட்டில் இருக்கும் சோறு முழுவதையும் சாப்பிட்டுவிடுவார். மற்ற நாட்களில் பாதி மிஞ்சும். கணக்கு வேலை முடிந்த பிறகு அரைமணி நேரம் இப்படி ஒருவர் அருகில் உட்கார முடியும் என்பதையும் உன் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்.