70 வயதில் முதல் ஆல்பமா? மைக் கேம்பெல் ஏன் அவ்வளவு தாமதித்தார்?

அவர் சும்மா இருந்ததே இல்லை. அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவில், 1976இல் வந்த அந்தக் குழுவின் முதல் ஆல்பத்திலிருந்தே கிட்டார் வாசித்தார், பெட்டியோடு சேர்ந்து ஏகப்பட்ட பாட்டுகள் எழுதினார், டான் ஹென்லியின் 'தி பாய்ஸ் ஆஃப் சம்மர்' பாட்டுக்கு இசைகூட இவருடையதுதான் (பெட்டிக்கு அது ஒத்துவராததால் ஹென்லியிடம் போனது). ஆனால் முன்னால் நின்று பாடியவர் பெட்டி. கேம்பெல் தன் சொந்தக் குழுவான டர்ட்டி நாப்ஸை ஓய்வு கிடைக்கும்போது சின்ன கிளப்புகளில் வாசிப்பதோடு வைத்துக்கொண்டார். 2017இல் பெட்டி இறந்தார். அடுத்த வருஷம் ஃப்ளீட்வுட் மேக் குழுவோடு சுற்றுப்பயணம். அப்புறம்தான், 2020 நவம்பரில், டர்ட்டி நாப்ஸின் முதல் ஆல்பம் வந்தது. அவர் பாடுவதில் பெட்டியின் சாயல் இருக்கிறது, சரி, நாற்பது வருஷத்துக்கு மேல் பக்கத்திலேயே நின்றவருக்கு அது வராமல் இருக்குமா? எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.