பக்கவாதத்துக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து கிடைக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. மூன்று வாரங்களுக்கு முன் மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, வலது கை, கால் செயலிழந்தன. மூளையில் உண்டாகும் அழற்சியை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கட்டுப்படுத்துவதாகப் படித்தேன். அந்தச் சிகிச்சையை அவருக்குத் தரலாமா?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் பக்கவாதத்துக்கு அப்படியொரு மருந்து இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. இருப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

ரத்தம் கிடைக்காமல் நரம்புச் செல்கள் இறந்ததும், மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழுகின்றன. சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வருகின்றன. மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் அடுத்த சில நாட்களில். இவை மூட்டும் அழற்சி, பிழைத்திருக்கும் அண்டைத் திசுவையும் கெடுக்கிறது.

இதைக் கூட்டவும் குறைக்கவும் செய்பவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் முக்கியமானவை. செல்லுக்குள் இருக்கும், சுமார் 22 மரபு எழுத்துகளே கொண்ட இந்தச் சிறு ஆர்.என்.ஏ. இழைகள் எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. பிற புரதங்கள் உருவாவதைத் தடுக்கின்றன. இவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. இவற்றில் 155 என்ற எண் கொண்டது, அழற்சிக்குத் தடை போடும் எஸ்.ஓ.சி.எஸ்.1 என்ற புரதத்தைக் குறைக்கிறது, அழற்சி ஏறுகிறது. 146ஏ அதற்கு நேர்மாறு: அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதங்களையே குறைத்துவிடுகிறது. 124 மைக்ரோகிளியாவை அமைதியாக வைத்திருக்கிறது.

அப்படியானால் 155ஐ முடக்கினால் போதாதா? எலிகளில் பலன் தெரிந்தது. மனிதரில் சிக்கல் அதிகம். மருந்து, ரத்தத்திலுள்ள பல பொருள்கள் மூளைக்குள் புகாமல் தடுக்கும் ரத்த-மூளைத் தடுப்பைக் கடந்து உரிய செல்லுக்குள் போய்ச் சேர வேண்டும். இன்று சேதம் செய்யும் அதே செல்கள்தாம் பிறகு சிதைவுகளை அகற்றிக் காயத்தை ஆற்றுகின்றன. எப்போது அடக்குவது என்பதே பெரிய கேள்வி. வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் என்லிமோமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் நிலை மோசமானது. அதனால்தான் இதில் அவசரம் கூடாது என்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு இப்போது பலன் தருவது இயன்முறைப் பயிற்சிதான். முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம். எழுதித் தந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் உடலின் எதிர்ப்புச் சக்தி தளர்வதால் நிமோனியா எளிதில் பற்றும். சாப்பிடும்போது அவருக்குப் புரையேறினால், விழுங்கும் திறனைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சளியோடு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.