காயமும் கணக்கும்: கால்பந்து கிளப்புகள் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையிலிருந்து எழுந்தவை. தங்கள் அணியின் வீரர்கள் அடுத்தடுத்துக் காயமடையும்போது நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று ரசிகர்கள் வருந்துகிறார்கள். வருத்தம் நியாயமானது. ஆனால் பருவத்தின் நடுவே வீரர்களை வாங்க அனுமதிக்கப்படும் ஜனவரியில் நம் கண்ணுக்குத் தெரியும் அந்தத் தவறு பெரும்பாலும் முந்தைய கோடைக்காலத்திலேயே நடந்து முடிந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. கேள்விகள் இங்கிலாந்து பிரீமியர் லீக்கைப் பற்றியே அதிகம் இருப்பதால், பதில்களும் அதையே முதன்மையாகக் கொண்டிருக்கின்றன.

முழங்கால் காயத்தால் ஒரு வீரர் பருவம் முழுவதும் ஆடவில்லை என்றால், அவருக்கான செலவை, கிளப்புகளின் இழப்புக்கு வரம்பு கட்டும் நிதி விதிக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்களா?

நீக்கமாட்டார்கள். இதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்த்தால் தெளிவாகும். ஒரு கிளப் 6 கோடி பவுண்டு கொடுத்து, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், வாரம் 1 லட்சம் பவுண்டு சம்பளத்துக்கு ஒரு நடுக்கள வீரரை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதுவது கணக்கு முறை என்பதால், ஆண்டுக்கு 1.2 கோடி பவுண்டு விலையின் பங்காகவும், 52 லட்சம் பவுண்டு சம்பளமாகவும், மொத்தம் 1.72 கோடி பவுண்டு செலவுப் பக்கத்தில் ஏறும். செப்டம்பரில் அவருடைய ஏசிஎல் எனப்படும் முழங்கால் தசைநார் அறுந்து அவர் ஒன்பது மாதம் ஆட முடியாமல் போனாலும், களமிறங்கினால் மட்டுமே தரவேண்டிய ஊக்கத்தொகை மிஞ்சுமே தவிர, அந்த 1.72 கோடி அப்படியே நிற்கும். அவருக்குப் பதிலாக அதே விலைக்கும் சம்பளத்துக்கும் இன்னொருவரை வாங்கினால், களத்தில் ஒரே ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 3.44 கோடி பவுண்டு செலவாகிறது.

காயம் அவருடைய ஆட்ட வாழ்க்கையையே முடித்துவிட்டால் நிலைமை இன்னும் கடினமாகிறது. மீதி ஆண்டுகளுக்காகப் புத்தகத்தில் வைத்திருந்த விலை முழுவதையும் ஒரே ஆண்டில் இழப்பாக எழுதவேண்டி வரும். ஆகவே, வாங்குவதற்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையை வெறும் சடங்காக நினைத்துவிடக் கூடாது.

உரிமையாளரிடம் கணக்கற்ற பணம் இருக்கும்போது, ஜனவரியில் இரண்டு வீரர்களை வாங்குவதில் என்ன தடை?

2013-இல் கொண்டுவரப்பட்டு 2025-26 பருவம் வரைக்குமான லாபம் மற்றும் நிலைத்தன்மை விதியின்படி, ஒரு பிரீமியர் லீக் கிளப் மூன்று ஆண்டுகளில் மொத்தம் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் இழப்புக் காட்டக் கூடாது. அதிலும் 1.5 கோடிக்கு மேற்பட்ட இழப்பை உரிமையாளர் தம் சொந்த மூலதனத்தால் ஈடுசெய்ய வேண்டும். உரிமையாளரின் பணப்பெட்டி எவ்வளவு பெரியது என்பதற்கு விதியில் மதிப்பில்லை. அகாடமி எனப்படும் இளைஞர் பயிற்சிப் பள்ளி, மகளிர் அணி, மைதானக் கட்டுமானம், சமூகப் பணி ஆகியவற்றுக்கான செலவுகளை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

நியூகாசில் யுனைடெட்டின் 2023-24 பருவம் இதை நன்றாகக் காட்டுகிறது. சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் பெரும்பங்கு வைத்திருக்கும் கிளப் அது. சூதாட்ட விதிமீறலுக்காக அதன் நடுக்கள வீரர் சாண்ட்ரோ டொனாலிக்குப் பத்து மாதத் தடை விதிக்கப்பட்டது. கோல்கீப்பர் நிக் போப், தடுப்பாட்டக்காரர் ஸ்வென் போட்மன், ஜோலின்டன், ஹார்வி பார்ன்ஸ் எனப் பலர் அந்தப் பருவத்தில் நீண்டகாலம் காயத்தால் விலகியிருந்தார்கள். ஆயினும் 2024 ஜனவரியில் அவர்கள் பெரிதாக யாரையும் வாங்கவில்லை. அதே ஆண்டு ஜூன் இறுதியில், கணக்காண்டு முடிவதற்குள், யான்குபா மின்டேவை பிரைட்டனுக்கும், எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் விற்றார்கள். உலகின் மிகப் பெரிய நிதியங்களுள் ஒன்று பின்னால் இருந்தும் நிலைமை அதுதான்.

சொந்த அகாடமியில் வளர்ந்த பையன்களையே ஏன் முதலில் விற்கிறார்கள்? பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

எனக்கும் வேதனைதான். காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மேலே சொன்ன 6 கோடி பவுண்டு வீரரை மூன்று ஆண்டுகள் கழித்து 4 கோடிக்கு விற்றால், புத்தகத்தில் அவருக்கு மீதமுள்ள மதிப்பு 2.4 கோடி என்பதால் லாபம் 1.6 கோடி மட்டுமே. அகாடமியிலிருந்து வந்தவருக்கு வாங்கிய விலை என்று ஒன்றும் இல்லை. அவரை 4 கோடிக்கு விற்றால், அந்த 4 கோடியும் அதே ஆண்டில் லாபமாக எழுதப்படும். வாங்கும் கிளப் பணத்தைத் தவணைகளில் கொடுத்தாலும் லாபம் அந்த ஆண்டிலேயே பதிவாகிவிடும்.

எவர்ட்டனிலிருந்து ஆண்டனி கார்டன், செல்சியிலிருந்து மேசன் மவுண்ட், கானர் கல்லாகர் ஆகியோர் வெளியேறியதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு. கிளப்புகள் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே வளர்க்க வேண்டும் என்று அகாடமிச் செலவுக்கு விலக்கு அளித்த விதியே, வளர்ந்த பிள்ளையை விற்கவும் தூண்டுகிறது. விதியை வகுத்தவர்கள் இந்த ஓட்டையை அடைக்காமல் விட்டது பெரும் குறை என்றே கருதுகிறேன். இப்படி விற்கப்படும் இளைஞர் பெரும்பாலும் நடுக்களத்திலும் ஓரத்திலும் மாறி மாறி ஆடக்கூடியவராக, மூத்த வீரர் காயமடைந்தால் மறுநாளே களமிறங்கக் கூடியவராக இருப்பார். லாபக் கணக்கு அவருடைய இந்தப் பயனை எங்கும் குறித்துவைப்பதில்லை.

எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டுச் சமாளிக்கும் வழி இன்னும் இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. 2023 ஜனவரியில் செல்சி ஏறத்தாழ 10.7 கோடி பவுண்டுக்கு வாங்கிய என்சோ ஃபெர்னாண்டசுக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஐந்து ஆண்டுகளில் எழுதினால் ஆண்டுக்கு 2.1 கோடிக்கு மேல் வரவேண்டிய செலவு, அதனால் சுமார் 1.25 கோடியாகச் சுருங்கியது. அந்த ஆண்டுக் கோடையில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும், டிசம்பரில் பிரீமியர் லீக்கும், புதிய ஒப்பந்தங்கள் எவ்வளவு நீளமானாலும் விலையை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குள்தான் பிரித்து எழுதலாம் என்று வரம்பு கட்டின. நீண்ட ஒப்பந்தத்துக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. திரும்பத் திரும்பக் காயமடையும் வீரரை, அதே சம்பளத்தை யாரும் தர முன்வராததால், விற்கவும் முடியாது.

ஓர் அணிக்கு எத்தனை வீரர்கள் போதும்?

எண்ணிக்கையில் விடை சொல்வது எளிது. 21 வயதுக்கு மேற்பட்டோரில் 25 பேரைப் பதிவு செய்யலாம். அவர்களில் உள்நாட்டில் பயின்றவர் என்ற தகுதி இல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டோருக்கு எண்ணிக்கை வரம்பில்லை. ஆனால் கேள்வியின் உட்பொருள் எண்ணிக்கையில் இல்லை என்பதால், லிவர்பூலின் 2020-21 பருவத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அணியமைப்பைப் பற்றி நான் அறிந்தவற்றுள் இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

நடப்புச் சாம்பியனாக இருந்த அந்த கிளப், 2020 கோடையில் மையத் தடுப்பாட்டக்காரர் டேயன் லோவ்ரனை விற்றது. அந்த இடத்துக்கு யாரையும் வாங்கவில்லை. வேன் டைக், ஜோ கோமஸ், மாத்திப் என்று மூவர் மிஞ்சினார்கள். மாத்திப் அடிக்கடி காயமடைபவர் என்பது அப்போதே தெரிந்த செய்தி. அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுடனான ஆட்டத்தில் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு மோதியதில் வேன் டைக்கின் முழங்கால் தசைநார் அறுந்தது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் கோமஸ் விழுந்தார். ஜனவரி இறுதியில் மாத்திப்பும் பருவம் முடியும்வரை விலகினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். நடுக்கள வீரர்களான ஃபபின்யோவும் ஹென்டர்சனும் பின்வரிசைக்கு இழுக்கப்பட்டார்கள். பின்வரிசையின் ஓட்டையை அடைத்தபோது நடுக்களத்தில் ஓட்டை விழுந்தது. எதிரணியை முன்னேயே நெருக்கிப் பந்தைப் பறிக்கும் அவர்களுடைய ஆட்டமுறை தளர்ந்தது. பிப்ரவரியில் ஹென்டர்சனும் காயமடைந்தார். அதற்கு முன் சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி, அங்கேயே தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கப்படும் டிரான்ஸ்பர் காலத்தின் கடைசி நாளான பிப்ரவரி 1 அன்று, ஷால்காவிலிருந்து ஓசான் கபாக் கடனாகவும், பிரஸ்டனிலிருந்து பென் டேவிஸ் விலைக்கும் வந்தார்கள். பென் டேவிஸ் லிவர்பூலின் முதல் அணிக்காகப் போட்டி ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலே பின்னாளில் வெளியேறினார். பருவத்தின் இறுதியில், அதுவரை பெரிதும் அறியப்படாத நாட் பிலிப்சும் இளைஞர் ரீஸ் வில்லியம்சும் பின்வரிசையில் நிலைத்து நின்று, ஃபபின்யோவை அவருக்குரிய நடுக்களத்தில் ஆடவிட்ட பிறகே அணி எழுந்தது. மூன்றாம் இடத்தையும் பிடித்தது.

ஆகவே, நான் ஓர் அணிப் பட்டியலைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். இந்த இடத்தில் முதல் ஆள் விழுந்தால் வருபவர் அந்த இடத்துக்கே உரியவரா, அல்லது வேறோர் இடத்திலிருந்து பிடுங்கப்படுபவரா? ஒரே இடத்துக்குரிய இருவருமே காயத்துக்குப் பேர்போனவர்களா? அகாடமியில் அந்த இடத்துக்கு யாராவது காத்திருக்கிறார்களா? யூஃபாவின் நீண்டகால ஆய்வில், மொத்தக் காயங்களில் தொடையின் பின்தசைக் காயங்களின் பங்கு 2001-02 பருவத்தில் 12 விழுக்காடாக இருந்து, 2021-22 பருவத்தில் 24 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. ஓட்டத்தின் வேகமும் ஆட்டங்களின் நெருக்கமும் கூடிவரும் காலத்தில், 25 பேரும் முழுநலத்தோடு இருப்பார்கள் என்று எண்ணித் திட்டமிடுவது பொறுப்பற்ற செயல்.

நாட்டுக்காக ஆடும்போது காயமடைந்தால் கிளப்புக்கு யார் ஈடு தருவது?

ஃபிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டம் தருகிறது. காயம் 28 நாட்களுக்கு மேல் நீடித்தால், அதன் பிறகு நாளொன்றுக்கு அதிகபட்சம் 20,548 யூரோ வீதம், ஒரு காயத்துக்கு 75 லட்சம் யூரோ வரை சம்பளத்துக்கு ஈடு கிடைக்கும். அவரை வாங்கிய விலையில் அந்த ஆண்டுக்குரிய பங்குக்கு இதில் எந்த ஈடும் இல்லை.

ஸ்பெயினில் காயமடைந்தவரின் சம்பளத்தை வேறொருவருக்குப் பயன்படுத்தலாம் என்று கேள்விப்பட்டேன். இங்கிலாந்திலும் அதைக் கொண்டுவரலாமே?

ஸ்பெயினின் முதன்மை லீக்கான லா லிகாவில் ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு முன்கூட்டியே வகுக்கப்படுகிறது. வரம்பில் இடமில்லையென்றால் புதியவரைப் பதிவு செய்யவே முடியாது. அங்கே நான்கு மாதத்துக்குக் குறையாத நீண்டகாலக் காயத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காயமடைந்தவரின் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை மாற்று வீரருக்காகப் பயன்படுத்தலாம். 2024-இல் தன் தடுப்பாட்டக்காரர் கிறிஸ்டென்சனின் காயத்தைக் காட்டி, புதிதாக வாங்கிய டானி ஓல்மோவை பார்சிலோனா ஆண்டு இறுதிவரை பதிவு செய்தது அப்படித்தான். 2025 கோடையில் அதே கிளப்பின் கோல்கீப்பர் டெர் ஸ்டெகன் முதுகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபோது, அவருடைய மருத்துவ அறிக்கையை லீக்குக்கு அனுப்ப அவருடைய ஒப்புதல் தேவைப்பட்டது. அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அணித் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். கையொப்பமிட்டதும் பொறுப்பு திரும்பி வந்தது.

இந்த ஒரு நிகழ்வே எனக்குப் போதும். ஒருவர் எத்தனை மாதத்தில் குணமாவார் என்பதை மருத்துவர் மட்டுமே சொல்லவேண்டும். மூன்று மாதத்துக்கும் நான்கு மாதத்துக்கும் இடையில் ஒரு புதிய வீரரின் பதிவு தொங்கிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தீர்ப்பின் மீது விழும் அழுத்தம் வீரருடைய உடலுக்கு நல்லதல்ல.

வரம்பை மீறினால் உண்மையில் தண்டிக்கிறார்களா?

தண்டித்திருக்கிறார்கள். எவர்ட்டன் 10.5 கோடி வரம்பை 1.95 கோடி பவுண்டு தாண்டியதற்காக, 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகளை இழந்தது. மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. மற்றொரு மீறலுக்காக 2024 ஏப்ரலில் மேலும் இரண்டு புள்ளிகள் போயின. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், இரண்டு ஆண்டுகள் கீழ்நிலை லீக்கில் இருந்ததால், அதன் வரம்பு 6.1 கோடியாக மட்டுமே இருந்தது. அதை 3.45 கோடி தாண்டியதால் நான்கு புள்ளிகளை இழந்தது. பிரென்னன் ஜான்சனை ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் குறைந்த விலையே கிடைத்திருக்கும், செப்டம்பர் வரை காத்திருந்ததால் நல்ல விலை கிடைத்தது என்று அவர்கள் வாதிட்டார்கள். நேர்மையான வாதம்தான். ஆனாலும் வழக்கை விசாரித்த ஆணையம் ஏற்கவில்லை.

2026-27 முதல் வரும் புதிய விதியில் காயங்களுக்கு ஏதாவது சலுகை உண்டா?

நேரடியாக இல்லை. 2025 நவம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகள் ஏற்றுக்கொண்ட புதிய முறையில், வீரர்கள் மற்றும் தலைமைப் பயிற்சியாளரின் சம்பளம், வாங்கிய விலைகளின் ஆண்டுப் பங்கு, முகவர் கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை, கால்பந்து வருமானமும் வீரர் விற்பனையின் நிகர லாபமும் சேர்ந்த தொகையில் 85 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் அணிகளுக்கு யூஃபாவின் 70 விழுக்காடு வரம்பும் பொருந்தும். ஆட முடியாதவரின் சம்பளமும் விலைப் பங்கும் இந்தக் கூட்டுத்தொகையில் முழுமையாகவே நிற்கும். வருமானம் பெரிதாக உள்ள கிளப் இரண்டு காயங்களைத் தாங்கும். சிறியது ஒன்றிலேயே திணறும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உடற்பயிற்சி வல்லுநர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், மருத்துவர்கள், உணவியலாளர்கள் ஆகியோரின் சம்பளம் அந்த 85 விழுக்காட்டுக் கணக்கில் சேர்வதில்லை. முன்பு அதுவும் இழப்புக் கணக்கின் ஒரு பகுதியாக இருந்தது. வாரம் 1 லட்சம் பவுண்டு வாங்கும் வீரரின் ஓராண்டுச் சம்பளமான 52 லட்சத்தில், ஒரு நடுத்தர கிளப் தன் மருத்துவப் பிரிவையே புதிதாகக் கட்டி எழுப்பலாம். உங்கள் கிளப் அடுத்த கோடையில் யாரை வாங்கப்போகிறது என்ற செய்தியோடு, அந்தப் பிரிவுக்கு யாரை நியமித்திருக்கிறது என்ற செய்தியையும் தேடிப் படியுங்கள்.