ப்ளோயரைப் போட்டால் பட்டித் தூள் பறக்கிறது!

கேள்வி: என்னிடம் இருப்பது 1994 மாருதி 800 ஏசி. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனமில்லை. போன மாதம் டிங்கரிங், பட்டி (பள்ளத்தை நிரப்பத் தடவும் பேஸ்ட்), ஃபுல் பெயிண்டிங் எல்லாம் முடித்து எடுத்தேன். வெளியே கண்ணாடி மாதிரி மின்னுகிறது. உள்ளே ப்ளோயரை இரண்டில் வைத்தாலே வெள்ளைத் தூள் முகத்தில் அடிக்கிறது, மகள் ஏறி உட்கார்ந்ததும் தும்ம ஆரம்பித்துவிடுகிறாள். பெயிண்டிங் ஷெட்டில் கேட்டால் "ஓட ஓடச் சரியாயிடும் சார்" என்கிறார்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்து ஏர் பிடித்து ஊதிவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: ஊதாதீர்கள். ஏர் பிடித்தால் தூசி வெளியே வராது, இன்னும் உள்ளே போகும். ப்ளோயர் வரைக்கும் வந்து நிற்பது கூலிங் காயிலில் போய் அப்பிக்கொள்ளும். அதைவிட முக்கியம், இந்த வேலை முடிகிற வரை ஏசியைத் தொடவே வேண்டாம். ஏசி ஓடும்போது காயில் வியர்த்து நனைந்தே இருக்கும். அதன் மேல் பட்டித் தூள் விழுந்தால் குழைத்த மாவாகித் தகடுகளுக்கு நடுவே உட்கார்ந்து காய்ந்துவிடும். அப்புறம் காயிலைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கழற்றினால் ஏசியைக் குளிர வைக்கும் கேஸ் போய்விடும், உங்கள் வண்டியில் இன்னும் பழைய ஆர்-12 கேஸே இருந்தால் அதைத் திரும்ப நிரப்ப ஆள் தேடி அலைய வேண்டும்.

தூள் எப்படி உள்ளே போனது என்று தெரிந்தால் எப்படி எடுப்பது என்பதும் தெரிந்துவிடும். பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே, வைப்பருக்கு அடியில் ஒரு கிரில் இருக்கிறதல்லவா, வெளிக்காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. கிரிலுக்குக் கீழே தொட்டி மாதிரி ஒரு தகர அறை, அங்கிருந்து ப்ளோயர், அடுத்து கூலிங் காயில், அடுத்து ஹீட்டர், கடைசியாக டேஷ்போர்டு வாய்கள். நடுவே வடிகட்ட எதுவும் கிடையாது, இன்றைய கார்களில் இருக்கும் கேபின் ஃபில்டர் இந்த வண்டியில் இல்லவே இல்லை. பட்டியில் கலந்திருக்கும் முக்கியச் சரக்கு டால்க், அதாவது கல்சட்டி செய்யும் மாக்கல்லில் இருக்கிறதே, அதே பொடி. உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கும்போது அது ஷெட் முழுக்கப் புகை மாதிரி பறக்கும். அப்போது அந்த கிரிலை யாரும் மூடியிருக்க மாட்டார்கள். கண்ணாடியை மூடுவார்கள், லைட்டை மூடுவார்கள், இதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

வருவது பட்டித் தூள்தானா என்று முதலில் பாருங்கள். டேஷ்போர்டு வாயில் ஈரமான கறுப்புத் துணி ஒன்றைக் கட்டி, ஆள் யாரும் உள்ளே இல்லாமல், ஏசி போடாமல் ப்ளோயரை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். துணியில் ஒட்டியதை விரலில் எடுத்துத் தேய்த்தால் வறவறவென்று வெள்ளையாக இருப்பது பட்டி. வண்டியின் நிறத்திலேயே பொடிப்பொடியாக இருந்தால் ஸ்ப்ரே அடிக்கும்போது காற்றிலேயே காய்ந்து உதிர்ந்த பெயிண்ட். வெள்ளையாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தால் பாலீஷ் போட்ட காம்பவுண்ட். பிசுக்குப் பிடித்த கறுப்புத் துணுக்குகள் வந்தால் பெயிண்டர் மேல் பழி போடாதீர்கள், அது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் காற்றுப்பெட்டிக்குள், காற்றைத் திருப்பிவிடும் சின்னக் கதவுகளில் ஒட்டியிருக்கும் ஃபோம். முப்பது வருட வண்டியில் அது வயதாகி உதிர்வது சகஜம், அதற்குப் பெட்டியைப் பிரித்துப் புது ஃபோம் ஒட்டுவதுதான் வழி.

சரி, வேலைக்கு வருவோம். எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே திருப்பி இழுக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். வைப்பர் கைகளைக் கழற்றி கிரிலை எடுங்கள். பெயிண்ட் புதுசு என்பதால் இரண்டு பக்கமும் கெட்டித் துணி விரித்துக்கொள்ளுங்கள். புதுப் பெயிண்ட் மேல் விழும் பட்டித் தூளை வெறும் துணியால் துடைத்துவிடாதீர்கள், கீறல் விழும், தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டும். தகர அறைக்குள் வாக்கும் கிளீனர் குழாயை விட்டு, கூடவே அரை இஞ்ச் பெயிண்ட் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தட்டித் தட்டி எடுங்கள். என் பழைய 800-ஐ ஒரு முறை இப்படித் திறந்தபோது பெயிண்ட் படாமல் இருக்க மாஸ்கிங் போட்ட நாளிதழில் ஒரு பக்கம் உள்ளேயே கிடந்தது, குறுக்கெழுத்துப் புதிர் பாதி நிரப்பியபடி! தூள் முழுக்க வந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். முதலிலேயே ஊற்றினால் சேறாகி, மழைநீர் வடியும் ஓட்டை அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது ப்ளோயர். டேஷ்போர்டுக்கு அடியில் இடது ஓரத்தில் இருக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்தால் அணில் கூண்டு மாதிரி ஒரு சக்கரத்தோடு கையில் வந்துவிடும். அந்தச் சக்கரத்தின் இதழ்களைப் பாருங்கள், ஒவ்வொன்றின் குழிவிலும் சுண்ணாம்பு பூசினாற்போல் தூள் படிந்திருக்கும். ப்ளோயர் சத்தம் மட்டும் போட்டுக் காற்று குறைவாக வருவதற்கும் இதுதான் காரணம். பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழாகச் சுரண்டுங்கள், பொறுமை வேண்டும், எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இதழ் ஒன்றில் சின்னத் தகரக் கிளிப் மாட்டியிருந்தால் அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள், சக்கரம் ஆடாமல் சுற்ற வைத்த எடை அது. மோட்டாரில் தண்ணீர் படக் கூடாது. ப்ளோயர் வேகத்தைக் குறைக்க, பக்கத்தில் காற்று படும்படி வைத்திருக்கும் ரெசிஸ்டரையும் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள், அதன் மேல் தூசி அப்பினால் சூடு தணியாமல் கருகும், அப்புறம் ப்ளோயர் ஃபுல் ஸ்பீடில் மட்டும்தான் ஓடும்.

ப்ளோயர் இருந்த ஓட்டையில் டார்ச் அடித்தால் காயிலின் முகம் தெரியும், நேராகத் தெரியாவிட்டால் சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். தூள் உலர்ந்திருந்தால் உங்களுக்கு நல்ல நேரம்: தகடுகள் போகும் திசையிலேயே மெல்லிய பிரஷ்ஷை ஓட்டி, வாக்கும் கிளீனரால் இழுத்துவிடலாம். குறுக்கே ஓட்டினால் தகடு வளையும். ஏற்கெனவே ஏசி போட்டு இறுகியிருந்தால் ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் நுரை கிளீனரை அடித்து ஊறவிட வேண்டும், ஒரு தடவையில் போகாது. கடைசியாக, வாக்கும் கிளீனரை அந்த ஓட்டையிலேயே ஓடவிட்டு, டேஷ்போர்டு வாய்கள் வழியாக சைக்கிள் பம்ப் அளவுக்கு மெதுவாகக் காற்று விடுங்கள். முகத்துக்கு, காலுக்கு, கண்ணாடிக்கு என்று லீவரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டுத் தரைவிரிப்பை விட்டுவிட்டால் வீண். வெளிக்காற்றை அடைத்து உள்காற்றில் லீவரை வைத்தால் ப்ளோயர் இடது பக்கக் கால் வைக்கும் இடத்திலிருந்துதான் காற்றை இழுக்கும், அங்கே விரிப்புக்கு அடியில் ஒரு பிடி பட்டித் தூள் இருந்தால் நாலு நாளில் பழைய கதைதான். எல்லாவற்றையும் மாட்டியபின் நாலு கதவையும் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஃபுல் ஸ்பீடில் ஓட்டுங்கள். அப்புறம் ஏசி போட்டு, வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டாமல் மேட் நனைந்தால் கூலிங் காயிலின் தண்ணீர் வெளியே வடியும் குழாயில் பட்டிச் சேறு அடைத்திருக்கிறது.

வேலை முழுக்க என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பழைய வண்டியின் அடிப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதுவரை மகளை அந்த வண்டியில் ஏற்ற வேண்டாம். தும்மலோடு இழுப்பும் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: லெஸ்டரில் இருக்கிறேன். என்னுடைய 1972 எம்ஜிபி காருக்குப் போன கோடையில் பெயிண்ட் அடித்தோம். இப்போது மழை பெய்தால் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர். ஹீட்டரைப் போட்டால் தூசி வாசனை வேறு. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், இங்கிலாந்து

பதில்: பெரும்பாலும் உண்டு. எம்ஜிபியிலும் கண்ணாடிக்கு முன்னால் கிரில், அதன் கீழே காற்றறை. அதில் விழும் மழைநீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக கியர்பாக்ஸுக்கு மேலே உள்ள சுரங்கத்துக்குள் இறங்கி வெளியே போகும். அந்தக் குழாயின் நுனி இயல்பாகவே இலை தழை சேர்ந்து அடைத்துக்கொள்ளும் இடம், பட்டித் தூளும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். தண்ணீர் போக வழியில்லாமல் காற்றறையில் நிரம்பி ஹீட்டர் வழியாக உள்ளே வழிகிறது. வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்), குழாய் நுனியைக் கையால் பிசையுங்கள், சேறு கொட்டும். பிறகு மேலிருந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஹீட்டர் பெட்டி எஞ்சின் பக்கம் இருப்பது வசதி மாதிரி தெரியும், ஆனால் அதைக் கழற்றுவது கோபத்தைச் சோதிக்கிற வேலை. குழாயைச் சுத்தம் செய்தும் வாசனை போகவில்லை என்றால் மட்டும் அதில் கை வையுங்கள்.

கேள்வி: என்னுடையது பிரீமியர் பத்மினி. ஏசியும் இல்லை, ப்ளோயரும் இல்லை. பெயிண்டிங் முடித்துவிட்டேன். நான் எதையும் பார்க்க வேண்டியதில்லைதானே?
– வாசகர், காரைக்குடி

பதில்: காற்றுப்பெட்டி வேலை உங்களுக்கு இல்லை, கொடுத்து வைத்தவர். முன் கதவில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடியின் ரப்பரையும் அது சுழலும் முனையையும் மட்டும் துடைத்துவிடுங்கள், பட்டித் தூள் சேர்ந்தால் கண்ணாடி இறுகும், பலமாகத் தள்ளினால் உடையும். அப்புறம் நாலு கதவின் அடி விளிம்பையும் தடவிப் பாருங்கள். மழைத்தண்ணீர் வடிய அங்கே ஓட்டைகள் இருக்கும், பட்டியும் பெயிண்டும் சேர்ந்து அதை மூடியிருந்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஆணி போட்டுக் குத்தாதீர்கள், புதுப் பெயிண்ட் பெயரும். தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சி போதும்.