கொடுத்தது யார் காசு?

கேள்வி: நியூயார்க்கை ஆட்டிப்படைத்த அரசியல்வாதி 'பாஸ்' ட்வீட் ஊழல் செய்தார், சரி. ஆனால் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தாரே! எல்லாரும் திருடிய காலத்தில் அவரை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

பதில்: கொடுத்தார், உண்மைதான். 1870-71 குளிர்காலத்தில் தன் வார்டு ஏழைகளுக்கு நிலக்கரி வாங்க 50,000 டாலர் தந்தார். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களைப் பெரிய மனிதர்கள் வாசலில்கூடச் சேர்க்காத ஊரில், அவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவர் தலைமை தாங்கிய டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பு. இதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். சேம்பர்ஸ் தெருவில் கட்டிய நீதிமன்றத்தில் ஆண்ட்ரூ கார்வி என்ற காண்டிராக்டர் பூச்சு வேலை பார்த்தார். இரண்டு நாள் வேலைக்கு அவர் பெயரில் போட்ட பில் 1,33,187 டாலர்! ஒரு வார்டுக்கே கரி வாங்கக் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். 11 தெர்மாமீட்டருக்கு 7,500 டாலர். இரண்டரை லட்சத்தில் முடிப்பதாகத் தொடங்கிய கட்டடம், 1 கோடியே 20 லட்சத்தையும் தாண்டியது.

வேலை எப்படி நடந்தது தெரியுமா? பில்லை ஊதிப் பெருக்கிக் கொண்டு வா என்று ட்வீட்டும் அவர் கூட்டாளிகளும் காண்டிராக்டரிடம் சொல்லிவிடுவார்கள். கடைசிக் காலத்தில் 100 டாலர் பில்லில் 65 டாலர் இந்தக் கும்பலுக்குத் திரும்பி வந்தது. நகரம் கடன் பத்திரம் விற்றுப் பணம் கட்டியது. அந்தக் கடன் கரி வாங்கியவர்கள் தலையிலும்தான் விழுந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்பார்கள்; இங்கே தேங்காயே பிள்ளையாருடையது.

1871 ஜூலையில் இந்தக் கணக்குகளை நியூயார்க் டைம்ஸ் அச்சிட்டது. அப்புறமும் அந்த நவம்பரில் அதே மக்கள் அவரை மாநில செனட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. குளிரில் நடுங்குகிறவரிடம் போய்க் கணக்குக் கேட்கச் சொல்வது அநியாயம். கேட்டிருக்க வேண்டியவர்கள் மேயர் ஓக்கி ஹாலும், நகரக் கணக்கைக் கையில் வைத்திருந்த கானலியும். அந்த இருவருமே கூட்டாளிகள். என் கோபம் அங்கேதான்.

எல்லாரும் திருடினார்கள் என்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணக்கை வெளியிடாமல் இருக்க 50 லட்சம் டாலர் தருகிறோம் என்றபோது, டைம்ஸின் ஜார்ஜ் ஜோன்ஸ் முடியாது என்றார். கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்டிடம், வரைவதை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் போங்கள் என்று 5 லட்சம் வரை பேரம் பேசினார்கள். அவர் போகவில்லை, தொடர்ந்து வரைந்தார். 1873இல் தண்டனை பெற்ற ட்வீட், 1875 டிசம்பரில் காவலிலிருந்து தப்பி கியூபா வழியாக ஸ்பெயினுக்குப் போனார். 1876இல் அங்கே அவரை அடையாளம் கண்டுபிடிக்க அதிகாரிகள் கையில் இருந்தது நாஸ்ட் வரைந்த படம்.